பட்டு ஷேடில் மூன்று கோடுகள்

அத்தியாயம் ஐந்து

கதவுக்கு வெளியே சாவி திரும்பியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

ஷோல்பான் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய உதவியாளன் தஸ்தான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். ஒரு பூட்ஸைக் கழற்றியாகிவிட்டது. அடுத்ததைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசனை.

“எல்லா ஊர்லயும் திருடன் உள்ள வரக்கூடாதுன்னு பூட்டுவாங்க. இங்க துப்பறியிறவங்க வெளிய போகக்கூடாதுன்னு பூட்டுறாங்கக்கா.”

“கழட்டுடா. இப்போதைக்குப் போற மாதிரி தெரியல.”

பூட்டச் சொன்னவர் வீட்டுக்காரி சபீரா அம்மாள். மதியம் போன் செய்து அவர்களை வரவழைத்தவரும் அவர்தான். சுரங்க நகரமான கராகண்டாவின் பழைய நகரப் பகுதியில் ஐந்தாவது மாடி வீடு. சுரங்கப் பொறியாளராக இருந்த கணவர் காலமாகிச் சில வருடங்கள். மகன் மர்குலான்தான் இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான். பிறகு அம்மா நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டு வெளியே நழுவி, பூட்டிவிட்டான். அவன் போலீஸ் நிலையத்துக்குப் போய் ஆளைக் கையோடு அழைத்து வருவான், அதுவரை யாரும் அசைய முடியாது, தன்னிடமும் வேறு சாவி கிடையாது என்று சபீரா அம்மாள் விளக்கினார். சாவி தன்னிடம் இல்லாததைப் பெருமையாகவே சொன்னார். இல்லாத சாவியை யார் பிடுங்க முடியும்?

வரவேற்பறைக்குள் நுழைந்ததும் தஸ்தான் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மூச்சு முட்டும் சூடு. ஜன்னல் இடுக்குகள் குளிர்காலத்துக்காகப் பஞ்சு திணிக்கப்பட்டு, காகிதப் பட்டையால் ஒட்டப்பட்டிருந்தன. இனி வசந்தத்தில்தான் திறக்கும். சமையலறையில் பெரிய பானையில் ஆட்டிறைச்சி கொதித்தது. அந்த ஆவிக்கும் வெளியே போக வழியில்லை.

ஓரத்து நாற்காலியில் ஒரு பெண் முழங்கால்களை ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள். செல்போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். பெயர் குராலாய். வீடுகளுக்குப் போய்த் திரைச்சீலை, சோபா, விளக்கு ஷேடு என்று துணிச் சாமான்களைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் தொழில்.

விஷயம் இதுதான். இன்று மாலை ஆறு மணிக்கு உறவினர்கள் இங்கே கூடி, மர்குலானுக்கு நிச்சயம் செய்யப் பெண் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் காதில் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் முடிந்தது என்று பொருள். தோடு இல்லையென்றால் நிச்சயம் இல்லை. சபீரா அம்மாளின் மாமியார் காலத்துப் பவழம் பதித்த வெள்ளித் தோடுகள் அவை. அவற்றை அவர் பீரோவில் வைக்கவில்லை. மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கின் ஆரஞ்சுப் பட்டு ஷேடுக்குள், வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே தைத்து வைத்திருந்தார். திருடன் பீரோவைப் பார்ப்பான், மெத்தையைப் புரட்டுவான், அண்ணாந்து பார்க்க மாட்டான் என்பது அவர் கணக்கு. இன்று காலை விளக்கைப் போட்டபோது உள்துணியில் ஒரு கிழிசல் வழியாக வெளிச்சம் நேரே கண்ணில் அடித்தது. தோடுகள் இல்லை. உடனே, திரைச்சீலை வேலை இருக்கிறது என்று சொல்லிக் குராலாயை வரவழைத்து, உட்கார வைத்துவிட்டார்.

“போன வாரம் இவதான் ஷேடையெல்லாம் சுத்தம் பண்ணினா,” என்றார் சபீரா அம்மாள். “இந்த ஒண்ணுக்குள்ள மட்டும் கை விடாதேன்னு நானே சொன்னேன். சொன்னதுதான் தப்பு. உங்களுக்கு ஆறு மணி வரைக்கும் நேரம். உண்மைய வாங்கிக் குடுங்க. இல்லேன்னா வர்ற சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் இவ பேரைச் சொல்லித்தான் தோடு ஏன் இல்லேன்னு சொல்லுவேன். அப்புறம் போலீஸ் பாத்துக்கும்.”

குராலாய்க்குப் போலீஸைவிட முதலில் சொன்னதுதான் பயம். அவளுக்குக் கடை இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு வீட்டுக்காரி இன்னொரு வீட்டுக்காரியிடம் சொல்லித்தான் வேலை வருகிறது. நம்பி வீட்டைத் திறந்துவிடுவார்கள் என்பதுதான் அவள் மூலதனம். இந்த வீட்டு உறவினர்கள் இன்றிரவு கலைந்து போனால், நாளைக் காலையில் பழைய நகரத்தில் ஒரு கதவும் அவளுக்குத் திறக்காது.

அவள் சொன்னது சுருக்கம். தூரிகையால் தூசி தட்டினேன். தண்ணீரே தொடவில்லை. உள்ளே கை விடவில்லை.

ஷோல்பான் விளக்கை அணைத்தாள். பல்பு ஆறும்வரை காத்திருந்தாள். தஸ்தானை நாற்காலி மேல் ஏற்றி ஷேடை இறக்கி, மேஜைமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைத்தாள்.

அவளைத் துப்பறியும் அலுவலகப் பலகை மாட்டிய பிறகு மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு செய்தி: அதற்கு முன் நகர டிரை கிளீனிங் நிலையத்தில் புகார் பிரிவில் நெடுங்காலம் இருந்தவள். கோட்டு சுருங்கிவிட்டது என்று வாடிக்கையாளர் கத்துவார், வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று கடைக்காரர் கத்துவார். இருவரும் ஓய்ந்ததும் துணியிடம் கேட்பது அவள் வேலை.

துணி ஷேடு பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அது மூன்று தனித்தனிப் பண்டங்களின் கூட்டு. உள்ளே இரும்புக் கம்பிக் கூடு. அதன்மேல் துணி. இரண்டையும் சேர்த்து வைப்பது நூல் அல்லது பசை. இந்த மூன்றும் தண்ணீரை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. பட்டு சுருங்கப் பார்க்கும், கம்பி துருப்பிடிக்கப் பார்க்கும், பழைய மரப்பசை கரைந்து பழுப்பாக ஓடப் பார்க்கும். அதனால் ஷேடைத் தொடுமுன் விளிம்பைப் பார்க்க வேண்டும். எல்லாமே நூலால் தைத்திருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் முக்கி எடுத்து, மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் உலர்த்திவிடலாம். எங்காவது பசை இருந்தால் தண்ணீர் பக்கமே போகக்கூடாது. மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக, துணியின் இழை ஓடும் திசையில் தட்ட வேண்டும். மடிப்புகளுக்கு ஓவியத் தூரிகை. வாக்குவம் கிளீனர் என்றால் அதன் வாயில் பழைய காலுறையை மாட்டி, துணியில் படாமல் பிடிக்க வேண்டும்.

இந்த ஷேடில் பட்டு தைக்கப்பட்டிருந்தது. கீழே தொங்கும் குஞ்சங்கள் மட்டும் பசையால் ஒட்டியவை.

“இது தண்ணி படக்கூடாத ஷேடு,” என்றாள் ஷோல்பான். “ஆனா பட்டிருக்கு.”

குராலாயின் தலை நிமிர்ந்தது.

சந்தேகத்துக்கு இடமே இல்லை. குஞ்சங்கள் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கின, பசை பழுப்பாகப் பட்டில் ஊறியிருந்தது. கம்பி ஓடும் வழியெல்லாம் துருப் புள்ளிகள். ஒரு பக்கத்துப் பட்டு விறைத்து நின்றது, மறுபக்கம் தொளதொளத்தது. விறைத்த பக்கத்தில் பழுப்பு நிறத்தில் மூன்று கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. உள்துணியின் கிழிசல் கத்தியால் நேராக வெட்டியது.

சபீரா அம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டார். தண்ணீரே தொடவில்லை என்று சாதித்தாளே என்றார்.

ஷோல்பான் ஷேடைத் தலைகீழாகத் திருப்பி, மேல் விளிம்பில் தையலுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு மூலையை விரலால் தடவினாள். அங்கே ஒரு சின்ன மங்கல். பருத்திப் பஞ்சை நனைத்து ஒற்றியதுபோல வட்டமாக இருந்தது.

“குராலாய், இது யாரு வெச்ச பொட்டு?”

“நான்தான்க்கா. ஒரு சொட்டு. சாயம் போகுதான்னு பாக்க. பஞ்சுல ஆரஞ்சு ஒட்டிச்சு. அதோட விட்டுட்டேன். தண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாத்தையும் என் தலையில கட்டிருவாங்கன்னுதான்...”

“பாத்தீங்களா,” என்றார் சபீரா அம்மாள். “முதல் பொய் வெளிய வந்தாச்சு. இன்னும் உள்ள எத்தனை இருக்கோ.”

தஸ்தான் குராலாய்க்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டாளே தவிரக் குடிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், ஒட்டிய காகிதத்தைப் பார்த்தாள், பார்வை திரும்பித் தரைக்கு வந்தது.

“அக்கா, அந்தப் பொட்டு நமக்கு நல்லதா கெட்டதா?” என்று தஸ்தான் ஷோல்பானின் காதோரம் கேட்டான்.

“நல்லது. சாயம் போகும்னு தெரிஞ்சவ எதுக்கு முழுசா நனைக்கணும்? ஆனா அது வெறும் வாதம். இந்தம்மாவுக்கு வாதம் வேகாது. கண்ணால பாக்கணும்.”

அவள் அந்த மூன்று கோடுகளுக்குத் திரும்பினாள். புகார் பிரிவில் இருந்த காலத்தில் இதைப் பலருக்கும் அவள் விளக்கியிருக்கிறாள். இப்போதும் சலிக்காமல் விளக்கினாள். நனைந்த துணி எல்லா இடமும் ஒன்றுபோல் உலர்வதில்லை. சூடுபட்ட இடம் முதலில் உலரும். அங்கே ஈரம் குறைந்ததும் பக்கத்து ஈரம் அந்த இடத்துக்கு ஓடி வரும். வரும்போது வழியிலுள்ள அழுக்கையும் கரைந்த பசையையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். சுமந்து வந்த அழுக்கு அங்கேயே தங்கிவிடும். ஆகவே இந்தக் கோடுகள் ஒரு முகவரி. எங்கெங்கே சூடு தொட்டதோ அங்கங்கே ஒரு கோடு. நேரான, இணையான, சமமான இடைவெளியுள்ள மூன்று சூடான இடங்கள்.

“ஈரமான சாமானை இந்த ஊர்ல எங்க போடுவாங்க, தஸ்தான்?”

“ரேடியேட்டர்லதான். எங்க வீட்ல சாக்ஸ், சட்டை, என் தம்பியோட மார்க் ஷீட்டுகூட அதுலதான் காஞ்சுது. அவன் குளிக்கப் போனப்ப அது கையில இருந்துச்சாம்.”

“ரேடியேட்டர் சூடு வந்தது என்னிக்கு?”

இதற்கு யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் அறை ஜன்னலடியிலும் நிற்கும் ரேடியேட்டருக்குள் ஓடி அறையைச் சூடாக்கும் வெந்நீர், ஒரே கொதிகலன் நிலையத்திலிருந்து நகரம் முழுவதற்கும் குழாயில் வருகிறது. நகராட்சி திறந்தால்தான் உண்டு. இந்த வருடம் பழுது பார்க்கிறோம் என்று இழுத்தடித்து, ஊரே கோட்டோடு தூங்கிய பிறகு, முந்தாநாள்தான் திறந்தார்கள். சபீரா அம்மாளே குளிர் தாங்காமல், குராலாய் வேலை முடித்துப் போன அன்றே, விறகடுப்பு இருக்கும் தங்கை வீட்டுக்குப் பக்கத்து ஊரான தெமிர்தாவ் போய்விட்டார். நேற்று இரவுதான் திரும்பினார்.

“குராலாய் வந்தது போன வாரம்,” என்றாள் ஷோல்பான். “அப்ப உங்க ரேடியேட்டர் ஐஸ் மாதிரி இருந்திருக்கும்.”

குராலாய் முதல்முறையாகத் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

சபீரா அம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. எழுந்து போய் ஜன்னல் திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கினார். பொருத்திக் காட்டுங்கள் என்றார்.

ஷோல்பான் ஷேடைப் பக்கவாட்டில் ரேடியேட்டர்மேல் வைத்தாள். பொருந்தவில்லை. அங்கே இருந்தது புது அலுமினிய ரேடியேட்டர். பட்டைகள் நெருக்கமாக, சீப்புப் பற்கள் மாதிரி இருந்தன. ஷேடின் கோடுகளோ நல்ல அகலத்தில் தள்ளித் தள்ளி நின்றன. சமையலறைக்கு எடுத்துப் போனாள். அங்கேயும் அதே புது ரகம். சபீரா அம்மாளின் அறையிலும் அப்படியே.

“கணவர் இருந்தப்பவே மாத்தினது,” என்றார் சபீரா அம்மாள். “ஆக, என் வீட்டு ரேடியேட்டர்ல இது காயல. இவ அடுப்புப் பக்கத்துலயோ, இஸ்திரிப் பெட்டியாலயோ காய வெச்சிருக்கா. கதை முடிஞ்சுது.”

சுவர்க் கடிகாரம் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. இறைச்சியின் ஆவி கண்ணாடிகளை மூடியிருந்தது. குராலாய் கோப்பையை மேஜையில் வைத்தாள். தன் செல்போனைக் கேட்டாள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நாளைக்கு ஊர் சொல்லிக் கேட்பதைவிட இன்றைக்கு என் வாயால் கேட்கட்டும் என்றாள். சபீரா அம்மாள் காதில் வாங்கவில்லை.

ஷோல்பான் ஷேடை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். கோடுகளுக்கு நடுவே இரண்டு விரல்களை வைத்து அளந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி கோடு போடாது, முக்கோணம் போடும். அடுப்பு கோடே போடாது.

தஸ்தானைக் காணவில்லை. சூடு தாங்காமல் காற்றுக்கு ஏதாவது இடுக்கு கிடைக்குமா என்று ஒவ்வோர் அறையாகத் தேடிப் போயிருந்தான். நடைக்கூடத்தின் கடைசியிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

“அக்கா, வீட்லயே ரொம்பச் சூடான ரூம் இதுதான். இங்க பழைய இரும்பு யானை ஒண்ணு நிக்குது.”

அது மர்குலானின் அறை. படிக்கிற பையன் அறையை இடித்துத் தூசி கிளப்ப வேண்டாம் என்று அன்றைக்கு அங்கே மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர், மேலே வட்டமான தடித்த முதுகுகள். ஷோல்பான் ஷேடை அதன்மேல் சாய்த்து வைத்தாள். மூன்று முதுகுகள், மூன்று கோடுகள். நகர்த்த வேண்டியிருக்கவில்லை, துணி தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு முதுகின்மேல் ஆரஞ்சு நூலிழை காய்ந்து ஒட்டியிருந்தது.

வாசலில் நின்ற சபீரா அம்மாள் உள்ளே வரவில்லை.

“முந்தாநாளும் நேத்தும் வீட்ல இருந்தது ஒருத்தர்தான்,” என்றாள் ஷோல்பான் மெதுவாக. “எடுக்கிறப்ப மேல ஏதோ கொட்டியிருக்கணும். பாலூத்தின டீயா இருக்கும், வாசம் இன்னும் போகல. சட்டையில கொட்டினா என்ன செய்வாரோ அதைச் செஞ்சிருக்காரு. குழாயில கழுவி, ரேடியேட்டர்ல போட்டாச்சு. இந்த ஊர்ல பொறந்த யாரும் அதைத்தான் செய்வாங்க.”

“என் பையன் இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிறான்,” என்றார் சபீரா அம்மாள். குரலில் பழைய வேகம் இல்லை. “எடுத்தவன் போலீஸைக் கூட்டிட்டு வருவானா?”

“வரமாட்டாரும்மா,” என்றான் தஸ்தான். “போகவே இல்லையே.”

அவன் வாசல் பக்கம் கை காட்டினான். மர்குலானைத் தவிர இந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அப்படியிருக்க, ஆணியில் தஸ்தானின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆண்பிள்ளைக் கம்பளிக் கோட்டு தொங்கியது. அதன்மேல் ரோமத் தொப்பி. கீழே பெரிய பூட்ஸ், ஒரு சொட்டு பனிகூட இல்லாமல் காய்ந்து கிடந்தது.

“இந்தப் பனியில வீட்டுச் செருப்போட போலீஸ் ஸ்டேஷன் போறவர, போலீஸ்காரங்க மனநல டாக்டர்கிட்டதான் அனுப்புவாங்க.”

ஷோல்பான் உள்பக்க மரக்கதவைத் திறந்தாள். பின்னால் இரும்புக் கதவு, தொட்டால் சில்லென்றது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பூட்டிய நேரத்திலிருந்து அவன் அந்தப் படிக்கட்டிலேயேதான் இருந்திருக்கிறான். போலீஸுக்கும் போக முடியாமல், உள்ளேயும் வர முடியாமல், நான்கு பேரைப் பூட்டிய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

நான்கு பேரும் நடைக்கூடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

“மர்குலான்,” என்றாள் ஷோல்பான் இரும்பைப் பார்த்து, “உங்களைத் திட்ட வரல. இங்க ஒரு பொண்ணு காலையிலேர்ந்து நாற்காலியில உக்காந்திருக்கா. உங்க சொந்தக்காரங்க மேல வந்ததும் அவ பேரைச் சொல்லப் போறாங்க. அதை நிறுத்த வேண்டியது நீங்க ஒருத்தர்தான்.”

மூச்சுச் சத்தம் நின்றது.

கீழே கட்டடத்தின் வெளிக்கதவு அடித்துக்கொண்டது. பல பேருடைய காலடிகள், பெண்களின் சிரிப்பு, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம். ஒவ்வொரு மாடியாக அது ஏறி வந்தது. குராலாய் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சபீரா அம்மாள் தலையிலிருந்த முக்காட்டைச் சரி செய்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

கதவுக்கு வெளியே ஒரு முதிய குரல் கேட்டது. கணவரின் அண்ணன் துர்சின். சட்டையும் செருப்புமாக இங்கே என்னடா செய்கிறாய், மாப்பிள்ளை என்று மறந்துவிட்டாயா என்றார். பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

“பெரியப்பா,” என்றது மர்குலானின் குரல். உள்ளே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. “தோட நான்தான் எடுத்தேன். என் பாக்கெட்லதான் இருக்கு. தோடு இல்லேன்னா போக மாட்டீங்கன்னு நெனச்சேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அம்மாகிட்ட சொன்னேன். சாப்பாடு வெச்சாங்க. மறுபடி சொன்னேன். கோட்டுக்கு அளவு எடுத்தாங்க.”

சபீரா அம்மாள் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தார். தள்ளவில்லை. “சொன்னான்,” என்றார், யாருக்கும் இல்லாமல். “சொல்லத்தான் செஞ்சான்.”

சாவி திரும்பியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கதவு திறந்ததும் படிக்கட்டின் குளிர் வீட்டுக்குள் பாய்ந்தது. எல்லோருமே ஆழமாக மூச்சிழுத்தார்கள். மர்குலானின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவன் பின்னால் நல்ல உடைகளில் உறவினர் கூட்டம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றது.

துர்சினின் மனைவி குராலாயைப் பார்த்துவிட்டார். வியர்த்த முகம், கையில் பை. இது யார் என்று கேட்டார்.

நியாயப்படி குராலாய் இப்போது போய்விடலாம். கதவு திறந்தாகிவிட்டது. அவள் நகரவில்லை. சபீரா அம்மாளைப் பார்த்து நின்றாள். தஸ்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷோல்பான் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

சபீரா அம்மாளுக்கு வேலைக்கு வந்தவள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட வழி இருந்தது. அவர் முகத்தில் அந்த வழி ஒரு கணம் தெரிந்தது, மறைந்தது.

“இவங்க பேர் குராலாய்,” என்றார், கடைசிப் படியில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில். “நம்ம வீட்டு ஷேடு எல்லாத்தையும் ஒரு குறை இல்லாம சுத்தம் பண்ணிக் குடுத்தவங்க. நான் இவங்களத் திருடின்னு சொல்லிக் காலையிலேர்ந்து பூட்டி வெச்சேன். திருட்டு என் வீட்டுக்குள்ளயே இருந்துது.”

குராலாய் கையை நீட்டினாள். சபீரா அம்மாள் ஏப்ரன் பையிலிருந்து அவளுடைய செல்போனை எடுத்துக் கொடுத்தார். அவள் வாசலில் குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, கோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அம்மாவின் எண்ணை அழுத்தியபடி படியிறங்கினாள். உறவினர்கள் இரண்டு பக்கமும் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள்.